கம்ப்யூட்டரில் ஓடிய ஆப்பும் மேடையில் ஓடாத பேச்சும்

(மூன்றாம் ஆண்டு கணிப்பொறியியல் துறை மாணவன்)



"செல்லுல ஓடுறத எதுக்குடா கம்ப்யூட்டர்ல ஓட்டணும்? ஆட்டோவத் தூக்கி லாரி மேல வச்சு ஓட்டுற மாதிரி இருக்கு!" என்று என் வகுப்பு நண்பன் கேட்டபோது லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் நிலைமை சிரிக்கும் நிலைமையாக இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, முதல்வர் ஐயா முன்னிலையில் நம் மாணவர் மன்றத்தின் சார்பில் நான் பேச வேண்டும். விஷயம் இதுதான்: மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படும் கணிப்பொறி லேபை ஆறரை வரை திறந்து வைக்க வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு இது ஒரு சாதாரண கோரிக்கை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நமக்கு அப்படியல்ல. ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பேச்சு நன்றாக இருக்க வேண்டும் என்ற பயம் எனக்கு. மேடை ஏறினால் முழங்கால் தாளம் போடும் ரகம் நான். பேச்சு எழுதக் கற்றுத்தரும் ஆப் ஒன்று இருப்பதாக நண்பன் ஒருவன் சொன்னதும், மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தது போல் ஆயிற்று.

என் செல்போன் அப்பா கொடுத்த பழைய போன். ஆண்ட்ராய்டு பதிப்பும் பழசு. "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று சொல்லிவிட்டது. அப்போதுதான் லேப் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. லேப் பொறுப்பாசிரியரிடம் போய் நின்றேன். "சார், எமுலேட்டர் போட்டுப் பாக்கணும். நம்ம ப்ராஜெக்டுக்கும் அது வேணும் சார்" என்றேன். "போட்டுப் பாரு. ஆனா எந்த மெஷின்ல என்ன நடந்துச்சுன்னு நோட்டுல எழுதி வைக்கணும்" என்றார். அந்த ஒரு நிபந்தனைதான் பின்னால் என் மானத்தைக் காப்பாற்றியது.

ஆண்ட்ராய்டு ஆப் கம்ப்யூட்டரில் ஏன் நேராக ஓடுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் செல்போன்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.ஆர்.எம். வகை பிராசஸர். லேப் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யின் எக்ஸ்86 வகை. இரண்டுக்கும் கட்டளை மொழி வேறு. அதோடு ஆப் எதிர்பார்ப்பது ஆண்ட்ராய்டை. இங்கே இருப்பதோ விண்டோஸ். எமுலேட்டர் என்பது விண்டோஸ் வீட்டுக்குள்ளேயே ஆண்ட்ராய்டுக்கு ஒரு தனிக்குடித்தனம் வைத்துக் கொடுப்பது. ஜாவா, காட்லின் மொழியில் எழுதிய ஆப் பகுதிகள் எந்த பிராசஸரிலும் ஓடும் வகையில் இடைநிலைக் குறியீடாக வருகின்றன. சி, சி++ மொழியில் எழுதிய பகுதிகள் இருந்தால் அவை குறிப்பிட்ட பிராசஸருக்கே உரியவை. அவற்றுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் இல்லையென்றால் சில ஆப்கள் திறந்தவுடனே மூடிக்கொள்ளும்.

தனிக்குடித்தனம் என்றால் இடம் வேண்டுமல்லவா? முதலில் 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் போட்டேன். விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதில் ஆண்ட்ராய்டு மூச்சுத் திணறியது. நாற்பது நிமிடம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த மெஷின், அதற்கடுத்த மெஷின் என்று மாறிக்கொண்டே போனேன். 8 ஜிபி உள்ளது ஒன்று கிடைத்தது. அதிலும் ஆமை வேகம்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சி.பி.யு.வைச் சொடுக்கினால், கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். அது "டிஸேபிள்டு" என்றிருந்தது. ஒரு கணிப்பொறிக்குள் இன்னொன்று ஓட பிராசஸரே துணை செய்யும் வசதி அது. இன்டெல்லில் வி.டி.எக்ஸ் என்பார்கள். ஏ.எம்.டி. மெஷின்களின் பயாஸில் எஸ்.வி.எம். என்றிருக்கும். அதைப் பயாஸுக்குள் போய்த்தான் திறக்க முடியும். பாஸ்வேர்டு சாரிடம் இருந்தது. அவரே வந்து போட்டுத் திறந்துவிட்டார். மறுபடி ஓட்டினேன். ஓடியது! நண்பர்களே, சந்திரனில் கால் வைத்தவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது!

இனி ஆப்புக்கு வருவோம். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பேச்சுக்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு என்பதையும், ஒரு பேச்சுக்கு ஒரு கருத்துதான் முதுகெலும்பு என்பதையும், எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அது தெளிவாகச் சொன்னது. அதற்கு நன்றி. ஆனால் அடுத்த பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. தலைப்பு, கேட்போர், மூன்று காரணங்கள், வேண்டுகோள். இவற்றை நிரப்பினால் பேச்சு தயார். நிரப்பினேன். வந்தது. "மாண்புமிகு பெரியோர்களே, இன்றைய நவீன தொழில்நுட்ப யுகத்தில்..." என்று ஆரம்பித்து, லேப் நேர நீட்டிப்பால் மாணவர் வளர்ச்சி, நாட்டு வளர்ச்சி, உலக வளர்ச்சி எல்லாம் ஏற்படும் என்று முடிந்தது. லேப் என்ற இடத்தில் நூலகம் என்று மாற்றினாலும் பொருந்தும். குடிநீர்த் தொட்டி என்று மாற்றினாலும் பொருந்தும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிமிடத்துக்கு 130 வார்த்தை என்று ஆங்கிலக் கணக்கு வைத்திருந்தது அந்த ஆப். 390 வார்த்தைக்கு மூன்று நிமிடம் என்றது. நான் வாய்விட்டுப் படித்தால் நாலரை நிமிடம் ஆனது. காரணம் எளிது. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஐந்தாறு வார்த்தை. வார்த்தையை எண்ணித் தமிழ்ப் பேச்சுக்கு நேரம் கணக்கிடுவது, மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே கணக்கில் எண்ணி விலை பேசுவது போல. இதை எழுதியவர்கள் தமிழை மனத்தில் வைத்து எழுதவில்லை. நாளை ஆப் எழுதப் போகிற நாமாவது இதை நினைவில் வைப்போம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேப்பரைப் பார்த்துப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. கைதட்டலும் இல்லை. முதல்வர் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி. லேப்ல இப்ப எத்தனை மெஷின் வேலை செய்யுது? உங்க ப்ராஜெக்டுக்கு எத்தனை வேணும்?"

பேப்பரில் அதற்குப் பதில் இல்லை. தொண்டை வறண்டுவிட்டது. பின்வரிசையிலிருந்து லேப் சார் குரல் வந்தது: "நோட்டுல எழுதி வச்சியே, அதச் சொல்லுப்பா."

பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன். "ஐயா, மொத்தம் 30 மெஷின். நாலு ஓடல. பத்தொன்பதுல 4 ஜிபி ராம்தான் இருக்கு. அதுல எமுலேட்டர் ஓடாது. நான் போட்டுப் பாத்தேன். 8 ஜிபி இருக்கிறது ஏழுதான். ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் செய்யுற எங்க வகுப்புல 14 குழு இருக்கு. ஏழு மெஷின், பதினாலு குழு. பகல்ல ஏழு குழு செஞ்சா, மீதி ஏழு குழு எப்ப செய்யும்? அதுக்குத்தான் ஐயா சாயங்காலம் கேக்குறோம்."

அவ்வளவுதான் பேசினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. முழங்கால் ஆடியதா என்று எனக்கு ஞாபகமில்லை. வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறரை வரை லேப் திறக்க அன்றே உத்தரவாயிற்று. ராம் கூட்டித்தர எழுதிப் போட்டிருக்கிறார்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. வரும் என்று நம்புவோம்!

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சைக் கொடுத்தது ஆப் அல்ல. ஆப்பை ஓட்டுவதற்காக நான் பட்ட பாடு! ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து தோற்றதால்தான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது. விஷயம் இருப்பவனுக்கு வார்த்தை தானாக வரும். விஷயம் இல்லாதவனுக்கு எந்த ஆப்பும் வார்த்தை கொடுத்துக் காப்பாற்ற முடியாது.

சிலர் கேட்கலாம்: "கால்குலேட்டர் வச்சுக் கணக்குப் போடறது தப்பில்லன்னா, ஆப் வச்சுப் பேச்சு எழுதறது மட்டும் தப்பா?" நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கின் விடை யார் போட்டாலும் ஒன்றே. பேச்சு அப்படியல்ல. யார், எங்கே, எதற்காகப் பேசுகிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் படிவம் நிரப்பும் வேலைகூட இல்லை. கேட்டால் எழுதித் தந்துவிடுகிறது. ஆனால் நம் லேபில் எந்த மெஷின் ஓடவில்லை என்பதை நாம் போய்ப் பார்த்துச் சொன்னால்தானே அதற்கும் தெரியும்?

வரலாற்றைப் பாருங்கள். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் எட்வர்ட் எவரெட் என்ற பெரிய பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு எழுந்த ஆபிரகாம் லிங்கன் ஏறக்குறைய 270 வார்த்தைகளில் முடித்துவிட்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது லிங்கனை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தயாரித்த உரையோடுதான் மேடை ஏறினார். ஆனால் இன்றும் உலகம் கொண்டாடும் அந்தக் கனவைப் பற்றிய பகுதி அவர் கையிலிருந்த தாளில் இல்லை. தயாரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவருமே நன்றாகத் தயாரித்தவர்கள்தான். தாளுக்கு வெளியே வந்து பேசவும் அவர்களிடம் விஷயம் இருந்தது என்கிறேன்.

என் அனுபவத்தில் கண்ட சில நடைமுறை யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் ராமையும் விர்ச்சுவலைசேஷனையும் பாருங்கள்; அரை நாள் மிச்சமாகும். ஆப்பை முறையான கடையிலிருந்தே இறக்குங்கள். கண்ட தளத்திலிருந்து ஏ.பி.கே. கோப்பை இறக்கினால் ஓசியில் வைரஸும் வரும். பேச்சு எழுதும் ஆப் மைக்கைக் கேட்டால் ஒத்திகைக்கு என்று சொல்லலாம். உங்கள் போன் நம்பர் பட்டியலை அது ஏன் கேட்க வேண்டும்? யோசித்து அனுமதி கொடுங்கள். எமுலேட்டருக்குள் தமிழ் தட்டச்சு தகராறு செய்தால், விண்டோஸ் நோட்பேடில் யூனிகோடில் அடித்து, நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். போன் நல்ல போன், திரை மட்டும் சின்னது என்றால் எமுலேட்டரே வேண்டாம். ஸ்க்ரீன் காப்பி என்ற இலவச மென்பொருள் உண்டு. யு.எஸ்.பி. வயரில் இணைத்தால் போன் திரை கம்ப்யூட்டரில் தெரியும். கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும்.

ஒரே கருவியை நம்பி இருக்காதீர்கள் என்பதும் முக்கியம். விண்டோஸ் 11-க்குள்ளேயே ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும் வசதியை மைக்ரோசாப்ட் 2021-ல் அறிவித்தது. 2025 மார்ச் 5-ஓடு அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. கருவி போகும், வரும். அது எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு போகாது. டிப்ளமோ படிப்பவனின் சொத்தே அதுதானே?

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாதம் ஒரு மணி நேரம் "பேச்சு நேரம்" என்று ஒதுக்குங்கள். தாள் இல்லாமல், தான் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை இரண்டு நிமிடம் பேச வேண்டும். வொர்க்‌ஷாப் லேத்தில் நடந்ததோ, பஸ்ஸில் கண்டதோ, எதுவானாலும் சரி. பொருளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம் வைத்த வள்ளுவர், அறத்திலேயே பயனில சொல்லாமை என்றும் ஒன்று வைத்தார். படிவம் நிரப்பி எழுதும் பேச்சுக்கு அந்த அதிகாரமே போதும்.

நண்பர்களே, நாளை இன்டர்வியூவில் நம்மிடமும் முதல்வர் ஐயா கேட்டது போல ஒரு கேள்வி வரும். அன்று பின்வரிசையில் லேப் சார் இருக்க மாட்டார். கையில் நோட்டு இருக்க வேண்டும். அதில் நாமே பார்த்து எழுதியது இருக்க வேண்டும்.

ஆப்பை ஓட்டுவோம்! பேச்சை நாமே எழுதுவோம்!