பெட்டிக்குள் போகிறது என்று நினைத்திருந்தேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் போட்டோக்களும் பைல்களும் "வேறோர் இடத்திலும் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்த வேறோர் இடத்தை இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்கள். நேரமிருப்பவர்கள் மீதியையும் வாசியுங்கள்.

எங்கள் வீட்டு மூலையில் காக்காவின் பழைய கொம்பியூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மருமகன் (காக்காவின் மகன், ஏ.எல்லில் டெக்னோலஜி படித்தவர்) அதைத் துடைத்து, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, ரவுட்டரோடு வயரில் இணைத்து, "மாமி, இனி இதுதான் வீட்டுப் பெட்டி" என்றார். வீட்டிலுள்ள எல்லோரது போன், லெப்டொப்பில் இருந்தும் வைஃபை வழியாக அந்த டிஸ்க்கைத் திறக்கலாம். என் லெப்டொப் வின்டோஸில் ஊர்ந்துகொண்டிருந்ததால் அதற்கும் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தார். லெப்டொப் ஓனாகும்போது பெட்டியில் என்னுடைய பகுதி தானாக வந்து ஒரு ஃபோல்டரில் இணைந்துகொள்ளும். இரவு 9 மணிக்கு என் டொக்கியுமென்ட் எல்லாம் தானாக அந்த ஃபோல்டருக்குள் கொப்பியாகும். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

அந்த "ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். எல்லோரும் சிரித்தோம், மீம்ஸ் போட்டோம். இரவு கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதிதாக எழும்பி, வீட்டிலுள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் புதிதாக இலக்கம் கொடுத்தது. பெட்டிக்குக் கிடைத்தது பழைய இலக்கமல்ல. என் லெப்டொப் பழைய இலக்கத்தில் போய்த் தட்டியது. ஆளில்லை. "பெட்டி கிடைக்காவிட்டால் பேசாமல் ஓனாகு" என்று மருமகன் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார், இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் லெப்டொப் காத்துக்கொண்டே நிற்கும் என்பதற்காக. அதுவும் சொன்னபடி பேசாமல் ஓனானது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேறொரு மெஷினின் டிஸ்க்கைக் கொண்டுவந்து நம் மெஷினின் வெறும் ஃபோல்டர் ஒன்றில் பொருத்துவதை "மவுண்ட்" என்பார்கள். பொருத்தியிருந்தால் ஃபோல்டரைத் திறக்கும்போது பெட்டியில் உள்ளது தெரியும். பொருத்தாவிட்டாலும் அந்த ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும், வெறுமையாக. அதற்குள் எதையும் போடலாம். போட்டால் அது லெப்டொப்பின் சொந்த டிஸ்க்கிலேயே விழும்.

அப்படித்தான் விழுந்தது. அன்றிரவு 9 மணிக்கு, வெறும் ஃபோல்டரைக் கண்ட கொப்பிக்காரன் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி கொப்பி பண்ணி நிரப்பி வைத்தான். நான் இடைக்கிடை அந்த ஃபோல்டரைத் திறந்தும் பார்த்தேன். புதிய பைல்கள் எல்லாம் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், பெட்டிக்குள் போகிறது என்று நினைத்தேன். "டிஸ்க்கில் இடம் குறைவு" என்று லெப்டொப் ஒருமுறை சொன்னது. ஒரே சாமான் இரண்டு இடத்தில் குவிந்திருந்தால் குறையாமல் என்ன செய்யும்? நான் சில வீடியோக்களை அழித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த ரமழானில்தான் வாப்பாவின் பேச்சைப் பதிந்தேன். தறாவீஹுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, 11 நாள். மருதமுனையில் தறி சத்தமில்லாத வீடே இல்லாதிருந்த காலம், நூலுக்குச் சாயம் போட்ட விதம், சாரம் கட்டுக்கட்டாக வெளியூருக்குப் போனது, 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஒழுங்கையால் ஓடினார், யாரைத் தூக்கினார், யாரைத் தூக்க முடியாமல் போனது. ஒரு நாள் முழுக்க எங்கள் மூத்தவர்களின் பெயர்கள், ஆறு தலைமுறை. போனில் இடம் நிறைந்ததும் எல்லாவற்றையும் லெப்டொப்பில் போட்டுவிட்டுப் போனில் அழித்தேன். பெட்டியிலும் ஒரு கொப்பி இருக்கிறதுதானே.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாப்பா வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஓகஸ்ட்டில் லெப்டொப்பின் டிஸ்க் போனது. கடையில் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் எடுக்க முடியவில்லை. நான் பதறவில்லை. பெட்டியைத் திறந்தேன். கடைசி பைலின் திகதி 2025 பெப்ரவரி 8.

வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும் போனது பெரிதல்ல, திரும்பச் செய்துகொள்ளலாம். வாப்பாவின் பதிவுகளில் நான்கு மட்டும் திரும்பக் கிடைத்தன. கட்டாரில் இருக்கும் காக்காவுக்கு அப்போது வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நான்கு. பெயர்கள் சொன்ன நாள் அதில் இல்லை.

இதைச் சொன்னதும் இரண்டு விதமான ஆறுதல் கிடைத்தது. ஒன்று, "இதெல்லாம் எதற்கு, கூகுளில் போட்டால் முடிந்தது." இரண்டு, "மெஷினை நம்பக் கூடாது டீச்சர், கையால் பென் டிரைவில் போட வேண்டும்." இரண்டையும் நான் ஏற்கவில்லை.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. போட்டோக்களைக் கணக்கில்லாமல் வைக்க விட்டதை 2021 ஜூன் 1 உடன் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் மாதாமாதம் காசு, ஏற்றி இறக்க டேட்டாவும் வேண்டும். ஒரு வீட்டின் கல்யாண வீடியோவே அந்த 15 ஜிபியைத் தின்றுவிடும். முக்கியமான சில பைல்களை அங்கே வையுங்கள், நல்லது. முழு வீட்டையும் அங்கே வைக்க நம்மில் பலருக்கு வசதியில்லை.

கையால் போடுவது? இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, இஷா தொழுது, நாளைய பாடக் குறிப்பு எழுதி முடித்த ஒருத்தி பென் டிரைவைத் தேடி எடுத்துக் குத்தி, கொப்பி பண்ணுவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த வீட்டில் இருந்து பார்க்கவில்லை. முதல் வாரம் செய்வோம். மூன்றாம் மாதம் மறந்திருப்போம். தானாக நடப்பதுதான் நடக்கும். அதனால் பெட்டி தானாக இணைவது சரியான ஏற்பாடு என்றே இன்றும் சொல்கிறேன்.

பிழை எங்கே என்றால், இணையாதபோது அது வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கொப்பி எடுத்த அதே லெப்டொப்பில் இருந்துதான். கொடுத்தவனிடமே "கொடுத்தாயா?" என்று கேட்டால் கொடுத்தேன் என்றுதான் சொல்வான். வாங்கியவனிடம் கேட்க வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282, கொடுக்கல் வாங்கல் பற்றியது என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது எழுதி வைப்பதோடு நிற்கவில்லை, சாட்சியும் வைக்கச் சொல்கிறது. வாப்பாவின் குரல் என்னிடம் இருந்த அமானிதம். நான் எழுதி வைத்தேன், சாட்சி வைக்கவில்லை.

இப்போது மருமகனும் நானும் சேர்ந்து மாற்றியவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இப்படிப் பெட்டி இருந்தால், அல்லது ரவுட்டரின் பின்னால் ஒரு டிஸ்க்கைக் குத்தி வைத்திருந்தால், உங்களுக்கும் பொருந்தும்.

முதலாவது, ரவுட்டரின் செட்டிங்கில் பெட்டிக்கென்று ஒரு நிலையான இலக்கத்தை ஒதுக்கிவிட்டோம். கரண்ட் எத்தனை தரம் போய் வந்தாலும் அதே இலக்கம்தான். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தாலே எனக்கு இந்த நிலை வந்திருக்காது.

இரண்டாவது, லெப்டொப் ஓனாகும் நேரத்தில் இணைப்பதை நிறுத்திவிட்டு, ஃபோல்டரைத் தொடும் நேரத்தில் இணைக்கும்படி மாற்றினோம். லினக்ஸில் எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று எழுதும் எஃப்எஸ்டேப் என்ற பைலில் "ஆட்டோமவுண்ட்" என்ற குறிப்பைச் சேர்த்தால் போதும். கரண்ட் வந்ததும் லெப்டொப் முந்தி, பெட்டி பிந்தி எழும்பினாலும் பரவாயில்லை. பெட்டி கிடைக்காவிட்டால் வெறும் ஃபோல்டரைக் காட்டாது, "முடியவில்லை" என்று பிழை காட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பிழைதான்.

மூன்றாவது, பெட்டியில் மட்டும் ஒரு சின்ன அடையாள பைல் வைத்திருக்கிறோம். கொப்பி தொடங்குமுன் அந்தப் பைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் கொப்பி பண்ணாமல் திரையில் பெரிதாகச் சொல்லும்.

வின்டோஸ் வைத்திருப்பவர்கள், நெட்வேர்க் டிரைவை இணைக்கும்போது "அடுத்த முறையும் இணை" என்ற பெட்டியில் சரி போட்டிருப்பீர்கள். ஓனாகும்போது வைஃபை பிந்தினால் அந்த டிரைவில் சிவப்புப் புள்ளடி விழும். பலர் அதைப் பழகிப்போய்க் கவனிப்பதில்லை. திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அன்று கொப்பியும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

நான்காவது, ஒரு டிஸ்க் எதனோடும் இணையாமல் இருக்க வேண்டும். லெப்டொப்பில் இருந்து பெட்டிக்கு எழுத முடியுமென்றால், லெப்டொப்பில் ஏறிய வைரஸாலும் எழுத முடியும். பைல்களைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் இணைந்திருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். எங்கள் மூன்றாவது கொப்பி ஒரு சின்ன டிஸ்க்கில் உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. மாதத்தில் முதல் வெள்ளி அங்கே போகும்போது பெட்டியில் இருந்து புதுப்பிப்பேன். இது கைவேலைதான், ஆனால் மாதத்துக்கு ஒன்று.

ஐந்தாவது, பழைய ரவுட்டர், பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. இணையவில்லை என்று கடையில் கேட்டால் சிலர் "எஸ்எம்பி 1ஐ ஓன் பண்ணுங்கள்" என்பார்கள். பண்ண வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வன்னாக்ரை அந்தப் பழைய வழியின் ஓட்டையால்தான் வீடுவீடாக நுழைந்தது. அதன் பிறகு வின்டோஸ் 10இல் அது தானாகப் போடப்படாமல் நிறுத்தப்பட்டது. பெட்டியைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

இன்னொன்று, முக்கியமாகத் தாய்மாருக்கு. இலகு என்பதற்காக பாஸ்வேர்ட் இல்லாமல் பெட்டியைத் திறந்து விடுகிறார்கள். நம் வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது? ரியூஷனுக்கு வரும் பிள்ளையிடம், பக்கத்து வீட்டில், பெருநாளைக்கு வந்துபோன சொந்தக்காரரிடம். அவர்கள் எல்லோருக்கும் நம் வீட்டுப் பெண்களின் படங்கள் திறந்து கிடக்கும். பெட்டிக்குத் தனி பாஸ்வேர்ட் போடுங்கள். தானாக இணைய வேண்டுமென்றால் அந்த பாஸ்வேர்டை லெப்டொப்பில் உங்களுக்கு மட்டும் வாசிக்க முடிந்த பைலில் வைக்க வழி இருக்கிறது. வசதிக்காக ஹயாவை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக ஊருக்கு ஒரு வார்த்தை. 2004இல் நம் கரையோர வீடுகளில் உறுதிகளும் அல்பங்களும் ஒரே காலையில் போயின. வாப்பாவின் கல்யாணப் படம் எங்களிடம் இல்லை. அதற்குப் பிறகும் பல பள்ளிவாசல்களில் ஜமாஅத் பதிவும் ஜனாஸாக் கணக்கும் ஒரேயொரு கொம்பியூட்டரில், கூடப் போனால் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. ஏ.எல்லில் டெக்னோலஜி படித்துவிட்டு இருக்கும் நம் பிள்ளைகளால் ஒரு லீவு நாளில் இதைச் சரி செய்ய முடியும். அவர்களை அழைத்து, தேநீர் கொடுத்து, வேலையை ஒப்படையுங்கள். முடித்ததும் "நடக்கிறது சேர்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அந்தக் கொம்பியூட்டரை ஓஃப் பண்ணிவிட்டு, வேறொரு மெஷினில் இருந்து நேற்றுப் போட்ட பைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கரண்டையும் ஒருமுறை பிடுங்கிப் போட்டுப் பாருங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு ஜும்ஆ நாளும் போனில் இருந்து பெட்டியைத் திறந்து ஒரு பைலைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வாப்பாவின் நான்கு பதிவுகளில் ஒன்றைக் கேட்பேன். இரண்டு நிமிடம்.

அந்த ஆறு தலைமுறைப் பெயர்களில் எனக்கு ஞாபகம் இருந்தது நான்கு. மற்றதை மாமாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருந்தால், பதிந்து வையுங்கள், அன்றே இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.