மேசை கவிழாவிட்டால் போதுமா?

“வயசானா தானா சரியாயிடும்மா.” ஏ.டி.எச்.டி. எனும் கவனச்சிதறல், மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ள மகனைப் பற்றிக் கவலையோடு கேட்ட ஒரு தாய்க்கு இந்த வாரம் என் முன்னால் சொல்லப்பட்ட பதில் இது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கேம்பிரிட்ஜ், ஊலு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வட பின்லாந்தில் 16 வயதில் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்ட 49 பேரை, அவர்கள் 20 வயதைக் கடந்தபின் மீண்டும் சோதித்தார்கள். மூளையின் ஆழத்திலுள்ள காடேட் நியூக்ளியஸ் பகுதியில் சாம்பல்நிறத் திசு மற்றவர்களைவிடச் சராசரியாகக் குறைந்திருந்தது. கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொண்டே வேலை செய்யும் திறனும் குறைந்திருந்தது. நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்துவிட்டவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் முக்கியம்.

பிள்ளையை விட்டுவிட்டு அவன் தரும் தொல்லையை மட்டும் பார்ப்பது புதிதல்ல. குழந்தைகளை மிரட்டும் ‘ஸ்ட்ரூவல்பீட்டர்’ என்ற பழைய ஜெர்மன் கதைப்புத்தகத்திலேயே அதைப் பார்க்கலாம். ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், 1844 கிறிஸ்துமசுக்குத் தன் மூன்று வயது மகனுக்காகப் புத்தகம் தேடினார். கடையில் கிடைத்தவை பிடிக்காமல் தாமே எழுதி, படமும் வரைந்தார். அது 1845இல் அச்சாகி உலகெங்கும் பரவியது. பிறகு அதில் சேர்ந்த கதைகளில் ஒன்று, நிலைகொள்ளாத பிலிப்புடையது. ஜெர்மனியில் இன்றும் இந்தக் குறைபாட்டைப் பேச்சுவழக்கில் அவன் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

சாப்பாட்டு வேளையில் பிலிப் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுகிறான். அப்பா அதட்டுகிறார். அம்மா பேசாமல் பார்க்கிறாள். நாற்காலி சாய்கிறது, பிலிப் மேசைவிரிப்பைப் பற்றுகிறான், தட்டு, ரொட்டி, சூப் எல்லாம் தரையில். பெற்றோருக்குக் கோபம், சாப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை என்பதோடு கதை முடிகிறது. விரிப்புக்கடியில் கிடக்கும் பிள்ளைக்கு அடிபட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. பிற்பாடு மனநோய் மருத்துவமனையையே நடத்திய மனிதர் வரைந்த படம் இது!

நாமும் மேசையைத்தான் பார்க்கிறோம். பையன் ஓடியாடுவதை நிறுத்தினால், நம் தொல்லை தீர்ந்தால், அவனுக்கே சரியாகிவிட்டது என்கிறோம். அதே பையன் இருபது வயதுக்கு மேல் அலுவலகத்தில் மூன்று வேலை சொன்னால் மூன்றாவதை மறக்கிறான். சோம்பேறி என்ற பெயர் வாங்குகிறான். அதைத் தானும் நம்பிவிடுகிறான்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். கல்லூரியிலும் வேலையிலும் அவன் கேட்கும் உதவியைச் சலுகையாக எண்ணாதீர்கள். மருத்துவரைப் பார்ப்பதைப் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிடாதீர்கள். சரியாகிவிட்டதா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். முதலில் அவனைக் கேளுங்கள்.