நடந்தால் தீருமா?

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு, நான் பெஸண்ட் நகர்க் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். என் உடம்பில் சற்றும் பொருந்தாத மஞ்சள் பனியன் ஒன்று. மனநோயாளிகளுக்காக நான் நடப்பதாக அதன் முதுகில் எழுதியிருந்தது. எழுதிப் பிழைக்கத் துணிவதற்கு முன் பதினோரு வருஷம் நான் குப்பை கொட்டிய காரியாலயத்து நண்பர்கள் 160 பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முதுகிலும் அதே வாசகம்.

அக்டோபர் 10-ஆம் தேதி உலக மனநல தினம். 1992 முதல் அது அனுசரிக்கப்பட்டு வருகிறது. அதையொட்டி, எல்லோரும் ஒன்றுசேர்ந்து நடப்பது, நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று உற்றார் உறவினரிடம் வசூலிப்பது, சேர்ந்த பணத்தை மனநோயாளிகளுக்கு உழைக்கும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. "நீங்கள் எங்கள் பழைய ஆள். நாலு பேருக்குத் தெரிந்த எழுத்தாளர் வேறு. வராமல் இருக்கலாமா?" என்று அழைத்தார்கள். போனேன்.

மேலதிகாரி கொடியசைத்தார். ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். காற்று சுகமாக இருந்தது. பழைய சிநேகிதர்களோடு பேசிக்கொண்டு நடப்பதில் உள்ள சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். நடந்து முடிந்ததும் சுடச்சுடப் பொங்கலும் வடையும் கிடைத்தன.

பொங்கல் சாப்பிடும்போது ஓர் இளைஞர் தம் பிரிவுத் தலைவரைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். முடிவில், "அந்த ஆளைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் ஸார் அனுப்பணும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு ஒருவருடைய ஞாபகம் வந்தது. "ஜன்னலோரம் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாரே, அவர் ஏன் வரவில்லை?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"அவரா? வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறதே, உங்களுக்குத் தெரியாதா? அவர் கொஞ்சம்..." என்று சொல்லி, நண்பர் தம் ஆள்காட்டி விரலை நெற்றிப் பொட்டருகே கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை, மனநோயாளிகளுக்காக அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது அதே கைதான்.

அந்த ஜன்னலோரத்து மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் அவர் ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிரிவு முழுவதும் ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக அவர் வீட்டுக்குப் படையெடுத்தது. மாவுக்கட்டின் மேல் கையெழுத்துக்கூடப் போட்டுவிட்டு வந்தோம். இரண்டு வருஷம் கழித்து அவர் மறுபடியும் இரண்டு மாதம் வரவில்லை. லீவுக் கடிதத்தில் 'மஞ்சள் காமாலை' என்று எழுதியிருந்தது. காமாலை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தூக்கமற்றுப்போய், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். ஒருவர் போகவில்லை. ஒரு சாத்துக்குடி போகவில்லை.

திரும்பி வந்தபோது அவருடைய மேஜை இருந்தது, வேலை இல்லை. "உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான்" என்று பொறுப்பான காகிதங்களை எல்லாம் வேறொருவரிடம் மாற்றியிருந்தார்கள். டீ குடிக்கப் போகும்போது அவரைக் கூப்பிட மறந்தோம். மறந்தோம் என்பது பொய், கூசினோம். இப்படி வருஷக்கணக்கில் ஒரு மனிதரை ஒன்றுமில்லாமல் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் 'தாமாக விரும்பி' ஓய்வு பெற்றார் என்று எழுதிக்கொண்டார்கள். எதை விரும்பினார் அவர்?

அந்தக் காரியாலயம் அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனி. பணியிலிருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் அந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவியிறக்கம் செய்யவும் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமோ, உடல் நோய்க்கு எப்படி இன்ஷூரன்ஸ் உண்டோ அப்படியே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுத்தவன் எந்தச் சட்டத்தின் வாசலில் போய் நிற்பான்? உண்மையை எழுத முடியாதபடி அவனைச் செய்துவிட்டோமே, அங்கேயே சட்டம் செத்துப்போகிறது.

"அதற்காக நடக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நடக்கலாம். பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். வீதியில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-ல் இரண்டு இளம் பெண்கள் 'பான்யன்' இல்லத்தை ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் அடுப்பு எரிவதற்கு நன்கொடை வேண்டும். கொடுக்கிற கையை நான் தட்டிவிட மாட்டேன்.

என் ஆத்திரம் வேறு. நடப்பவர்கள், நோயாளி என்பவன் எங்கோ ஓர் இல்லத்தில், எங்கோ ஒரு சுவருக்குப் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனக்கோளாறு இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அந்தக் கணக்கை எங்கள் கூட்டத்தின் மேல் போட்டுப் பாருங்கள். 160 மஞ்சள் பனியன்களில் பதினாறு பனியன்களுக்குள்ளே, தான் யாருக்காக நடக்கிறோமோ அந்த ஆளே நடந்துகொண்டிருக்கலாம். கீழ்ப்பாக்கத்துச் சிரிப்பின்போது அந்தப் பதினாறு பேரும் சிரித்திருப்பார்கள். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவோமே! புற்றுநோய்க்கு அடையாறு போகிறவனைப் பார்த்து இந்த ஊரில் யாராவது சிரிக்கிறார்களா?

ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தான் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. இது சர்க்காருக்கும் தெரிந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ல் சட்டம் செய்தவர்கள், மாரத்தான் ஓட்டம் மாதிரியான ஒருமுறை நிகழ்ச்சிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014 ஜூன் மாதமே சுற்றறிக்கை விட்டார்கள். ஓடுவது வேறு, பொறுப்பு வேறு என்று ஒரு சர்க்கார் காகிதத்துக்குத் தெரிந்தது, நமக்குத் தெரிய வேண்டாமா?

ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் எரிந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தேசமே பதறியது. நாமும் பதறினோம். இரும்புச் சங்கிலி என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, பதற முடிகிறது. பேசாத முகமும், பறிக்கப்பட்ட பொறுப்பும், நெற்றிப் பொட்டருகே சுழலும் விரலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மனிதனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைக்க இவை போதும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்ட சில வருஷங்களுக்குப் பிறகு, மயிலாப்பூர்க் குளத்தருகே எதிர்ச்சாரியில் அவர் வருவதைக் கண்டேன். அவரும் என்னைக் கண்டுவிட்டார். கை பாதி உயர்ந்தது. நான் ஒரு பாத்திரக் கடையைப் பார்ப்பவன்போல் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டேன். பைத்தியக்காரப் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதி, அதற்காகப் பாராட்டும் வாங்கியவன் நான். அவர் வேலையை விட்டது எனக்கு நாலு வருஷமாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தச் சந்துதான்.

ஆகவே, அடுத்த அக்டோபரில் நடக்கப் போகிற காரியாலயங்களுக்கு ஒரு வார்த்தை. பனியன் தைப்பதற்கு முன்னால், லீவுக் கடிதத்தில் உண்மையை எழுதினாலும் நாற்காலி பறிபோகாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். திரும்பி வருகிறவனுக்கு அவன் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். மேலதிகாரி செய்ய முடியாததை நீங்கள் செய்யுங்கள். டீ குடிக்கப் போகும்போது அவனையும் கூப்பிடுங்கள். இதற்கு வசூல் வேண்டாம், கொடி வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டுத் தாராளமாக நடங்கள். நானும் வருகிறேன்.

அன்று நாங்கள் நடந்து முடித்த இடத்துக்கு அருகே வெள்ளை மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, அந்தக் கடலில் தத்தளித்த மற்றவர்களைக் காப்பாற்ற முயன்று அவர் மூழ்கிப்போனார். அவரும் கரையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அன்றைக்கே, அந்தப் பனியனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரத்துச் சிநேகிதரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குக் கால் ஒன்றும் முறியவில்லையே, ஸார்" என்றார்.