உரிமம் போட்ட மெட்டு

கிண்டி சிக்னலில் நிற்கும் ஆட்டோவில் ஓட்டுநர் பண்பலை அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே போகிறார். ஒன்றில் நகைக்கடை விளம்பரம்; அடுத்ததில் அதே நகைக்கடை. மூன்றாவதில் புதுப் பாட்டின் பல்லவி. நான்காவதில் அதே பாட்டின் சரணம். “எதை வெச்சாலும் ஒண்ணுதான் சார்.” நேயர்களின் ரசனை அப்படி என்பார்கள் நிலையத்தார். ரசனையைவிட உரிம விதிகளுக்கே இதில் பங்கு அதிகம்.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று இதே சென்னையில்தான் தொடங்கியது. பண்பலை கேட்கும் ரேடியோப் பெட்டியே அரிதாக இருந்த காலம் அது. 1993-ல் அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைத் தனியாருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. டெல்லி, மும்பையை அடுத்து சென்னைக்கும் அது வந்தது. கலகலப்பான பேச்சும் கூடவே வந்தது. 1998-ல் அந்த ஏற்பாடு முடிந்தது.

பிறகு அலைவரிசைகளே ஏலத்துக்கு வந்தன. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15% ஏறும். வருமானம் ஏறுகிறதா என்று அது பார்க்காது. 2003-ல் சூரியன், மிர்ச்சி ஆகிய தனியார் நிலையங்கள் சென்னையில் ஒலித்தபோது நிலவரம் இதுதான். தலைக்கு மேல் கட்டணம் ஏறும்போது நாட்டுப்புற இசைக்கும் நாடகத்துக்கும் யார் நேரம் ஒதுக்குவார்கள்? 2005-ல் கட்டணம் மொத்த வருவாயில் 4% என்று இறங்கியது. ஆனால், அப்போது ஒரு நகரில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே அலைவரிசைதான் என்பது விதி. இருக்கும் ஒன்றை வைத்துச் சோதனை செய்ய எவருக்கும் துணிவு வரவில்லை. எல்லோரும் ஒரே கூட்டத்தைத் துரத்தினார்கள். நிலையங்கள் பெருகின, பாட்டு பெருகவில்லை.

பேச்சுக்காவது வழி இருந்ததா? சென்னை லைவ் 104.8 பேச்சு வானொலியாக முயன்று பார்த்தது. தனியார் வானொலி செய்தி சொல்லக் கூடாத ஊரில் பேச்சு வானொலி எத்தனை நாள் பேசும்?

2011 கொள்கை அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே மறு ஒலிபரப்பு செய்ய மட்டும் தனியாருக்கு இடம் தந்தது. போக்குவரத்து, வானிலை, உள்ளாட்சி நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்புகள் ஆகியவை ‘செய்தி அல்ல’ என்ற வகையில் அனுமதி பெற்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரமும் கைபேசியும் கைவிட்ட தெருக்களில் பேட்டரி ரேடியோதான் துணை. எந்தச் சாலையில் தண்ணீர் என்று தனியார் வானொலி சொல்லலாம். செம்பரம்பாக்கம் ஏரியை ஏன் அப்போது திறந்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், அது செய்தியாகிவிடும். அதே கேள்வியைத் தொலைக்காட்சி கேட்கலாம், நாளிதழ் கேட்கலாம்.

மணிக்கு 10 நிமிடம் செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. தனியார் வானொலியில் செய்தி வந்தால் வதந்தி பரவும் என்ற அச்சத்துக்கு மருந்து ஒழுங்குமுறை, வாய்ப்பூட்டு அல்ல. 10 நிமிடம் கொடுத்துத்தான் பார்ப்போமே. மீதி 50 நிமிடமும் பாட்டுக்குத்தானே!