அடுப்படி ஆய்வுக்கூடம்: ரோஜாவுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

என் மாமியார் வழுக்கி விழுந்து, தொடை எலும்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் அது. அவர் படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிவது எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், சனிக்கிழமை வரும்போது பாட்டிக்காக 20 ரோஜாக்கள் கொண்ட ஒரு கட்டு வாங்கி வருவான். செவ்வாய், புதனுக்குள் பூக்கள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும்.

"எடுத்துடும்மா. இதுவும் என்னை மாதிரியே ஆயிடுச்சு" என்று அத்தை ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சோதனையில் இறக்கியது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "ஆஸ்பிரின் போடுங்க அண்ணி" என்றார் நாத்தனார். "செப்புக் காசு போடு" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "சர்க்கரை போதும்மா" என்றான் மகன். சரி, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒரே அளவில் ஆறு பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீரும் மூன்று ரோஜாக்களும் வைத்தேன். மீதி இரண்டு சாமிக்கு.

முதல் பாட்டில்: வெறும் தண்ணீர், மாற்றவே இல்லை. இரண்டாவது: வெறும் தண்ணீர்தான், ஆனால் தினமும் மாற்றி, தண்டின் நுனியை அரை அங்குலம் நறுக்கினேன். மூன்றாவது: அரை டீஸ்பூன் சர்க்கரை. நான்காவது: ஒரு ஆஸ்பிரின் மாத்திரை, பொடித்து. ஐந்தாவது: காசு. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. அதில் செம்பைத் தேடிப் பயனில்லை. அதனால் அத்தையின் பெட்டியிலிருந்த ஓட்டைக் காலணாவைப் போட்டேன். ஆறாவது: அரை டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கும் குளோரின் பிளீச் சில சொட்டுகள்.

நடுவர் அத்தை. எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை.

முதலில் தோற்றது சர்க்கரை! மூன்றாம் நாளே தண்ணீர் கலங்கி, தண்டு வழவழத்து, நாற்றம். நான்காம் நாள் மூன்று பூவும் தலை கவிழ்ந்தன. மாற்றாத வெறும் தண்ணீர், ஆஸ்பிரின், காலணா மூன்றும் ஐந்தாம் நாள் ஒன்றாகவே வாடின. தினமும் மாற்றிய தண்ணீர் ஏழு நாள் தாங்கியது. எலுமிச்சைக் கலவை எட்டு நாள். மூன்று பூ என்பது சின்னக் கணக்கு என்பதால், அடுத்த கட்டிலும் செய்து பார்த்தேன். வரிசை மாறவில்லை.

காரணம் இதுதான். பறித்த பூவுக்கு உணவும் தண்ணீரும் தேவை. தண்ணீர், தண்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக ஏறுகிறது. பாக்டீரியாவோ காற்றுக் குமிழோ அந்தக் குழாயை அடைத்தால், பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடும். சர்க்கரை பூவுக்கு உணவுதான்; ஆனால் பாக்டீரியாவுக்கும் அதுவே விருந்து. பிளீச் பாக்டீரியாவை அடக்குகிறது, எலுமிச்சையின் புளிப்பு தண்ணீர் ஏற உதவுகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பலன். காலணா செம்பு கலந்ததுதான் என்றாலும், கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது தண்ணீரில் கரைவதில்லை.

கலவை செய்ய நினைப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், பிளீச் கால் டீஸ்பூன். முதலில் தண்ணீர், பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. பிளீச்சையும் எலுமிச்சையையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பிளீச் வேண்டாம் என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் தண்ணீர் மாற்றினாலே ஒரு நாள்தான் குறைகிறது. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கூரான கத்தியால் தண்டைச் சாய்வாக நறுக்குங்கள். வெயில், ஃபேன் காற்று நேராகப் படவேண்டாம். வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலின் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும். மல்லிகைக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது, உறிஞ்சத் தண்டு இல்லையே! ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்பதுதான் அதற்கு.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் சோதனையின்போது டாக்டர் அத்தையை உட்காரச் சொல்லியிருந்தார். வலிக்கிறது என்று மறுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை எனக்கு அடுப்படியில் வேலை அதிகம்; இரண்டாவது பாட்டிலை மறந்தே போனேன். போய்ப் பார்த்தால், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்து, கத்தரிக்கோலால் தண்டை நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"தண்ணி மாத்தி வெச்சுட்டா பூ பாட்டுக்கு நிக்குது. இதுக்குப் போய் மாத்திரை எல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

அன்றிலிருந்து பூ டிபார்ட்மென்ட் அவருடையது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே ஜன்னல் வரை போய்த் தண்ணீர் மாற்றுகிறார். அடுத்து சம்பங்கியைச் சோதிக்க வேண்டுமாம். உங்கள் வீட்டில் எது எத்தனை நாள் தாங்கியது என்று எழுதுங்கள்; அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன்.