வியாழனின் ஓசையும் நம் கடமையும்

விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் அவர்களைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனில் இறங்கிற்று. ஆயினும் அஃது ஆங்கே அறிந்து கூறியது யாதெனக் கேட்பின், விடை பகர்வார் நம்மிற் சிலரே. சந்திர நிலத்தை ஒட்டி உலவும் மின்னேற்றத் துகள்களை அதன் கருவியொன்று அளந்து, கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் உளவெனக் காட்டிற்று. வெற்றியைக் கொண்டாடி அறிவைக் கைவிடுதல், உமியைச் சேர்த்து அரிசியைச் சிந்துதல் போலாம்.

நம் சந்திரன் அமைதியுடையது. வியாழனின் உபக்கிரகமாகிய அயோ அங்ஙனமன்று. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது. அதன் காந்தப்புலமும், அதிற் சிக்கிய துகள்களும் உடன் சுழல்கின்றன. அயோ வியாழனைச் சுற்றிவர ஏறத்தாழ 42½ மணி நேரமாகும். ஆதலின் துகள்கள் பின்னிருந்து வந்து, நொடிக்கு ஏறக்குறைய 57 கிலோமீட்டர் விரைவில் அதனைக் கடந்து பாய்கின்றன. ஆற்றிடைக் கிடந்த பாறைபோல அயோ அவ்வோட்டத்தைக் கலக்குகிறது. அக்கலக்கத்தில் எழும் மின்னோட்டம் காந்தக் கோடுகளின் வழியே வியாழனின் துருவப் பகுதிகளை அடைந்து, ஒளியையும் வானொலி அலைகளையும் பிறப்பிக்கிறது.

அவ்வானொலி அலைகளை 1955இல் அமெரிக்க அறிஞராகிய பர்க், பிராங்க்ளின் இருவரும் தற்செயலாகக் கண்டனர். அவை அயோவின் இருப்பிடத்தைப் பொறுத்து எழுகின்றன என்பதை 1964இல் பிக் என்பார் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை யாது? ஓசை கேட்ட நேரங்களை உபக்கிரகங்களின் நிலையோடு ஒப்பிட்டமையேயாம்.

இதனை நம் மாணவர் செய்தலாகாதோ? 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒலி வாங்கும் கருவியொன்றும், ஏறக்குறைய 7 மீட்டர்க் கம்பியாலாகிய ஏரியலும், நல்ல கடிகாரமும் போதும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மின்கம்பிகளுக்கு விலகிய வயல்வெளி இல்லாமற் போகவில்லை. வியாழன் உயர்ந்து நிற்கும் பின்னிரவில் செவி சாய்ப்பின், மரக்காணத்துக் கடலலை போன்றும், நெற்பொரி வெடிப்பது போன்றும் அவ்வோசை கேட்டல் கூடும்.

பரீட்சைக்கு இஃது உதவாதென்பர் சிலர். பல இரவுகள் ஒன்றும் கேளாது கழியும் என்பதையும் யாம் மறுக்கிலேம். ஆனால் கேளாத இரவையும் நேரத்தோடு குறித்து வைப்பதே ஆராய்ச்சியின் முதற் பாடம். பிறர் கண்டதை மனனம் செய்வோன் மாணாக்கனே. தானே சோதித்துத் தெளிவோன் அறிஞனாதற்கு உரியன். ஆதலின் நம் பௌதிக சங்கத்தார் வரும் ஆண்டிலேனும் ஓர் ஏரியலை நாட்டி, ஒரு குறிப்பேட்டைத் திறப்பாராக. சந்திரனுக்குக் கலம் செலுத்திய ஊரார் வியாழனுக்குச் செவியேனும் கொடுத்தல் தகுமன்றோ?