காப்பாற்றாத வேட்டைக்காரி

குரோசாவாவையும் ஓசுவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய தமிழ்ச் சிற்றிதழ்கள், அதே ஜப்பானிலிருந்து வந்த அனிமே படங்களைப் பெரும்பாலும் குழந்தைகளிடம் விட்டுவிட்டன. ஹயாவ் மியாசாகிக்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது. திகில் அனிமேவுக்கு அந்தச் சலுகையும் இல்லை. பேய், ரத்தம், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் என்று கேட்டதுமே நம் விமர்சகருக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவிக்குத் தகுதியான படைப்புகள் ஏராளம் என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்தக் குவியலுக்குள் கிடக்கும் ஒன்றை எடுத்து இந்த இதழில் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

'வாம்பயர் பிரின்சஸ் மியு' 1988 ஜூலையிலிருந்து 1989 ஏப்ரல் வரை நான்கு வீடியோ நாடாக்களாக ஜப்பானில் வெளிவந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். இயக்கியவர் தோஷிஹிரோ ஹிரானோ. பாத்திரங்களை வடிவமைத்தவர் அவருடைய மனைவி நருமி காகினோஉச்சி. இசை கென்ஜி கவாய். கவாயின் பெயரை அறியாதவர்கள்கூட அவர் இசையைக் கேட்டிருப்பார்கள். 'கோஸ்ட் இன் த ஷெல்' (1995), 'ரிங்' (1998) இரண்டுக்கும் இசையமைத்தவர் அவர்தான். அந்தப் படங்களுக்குக் கிடைத்த பேர் இந்த நாடாக்களுக்குக் கிடைக்கவில்லை. ஆர்வலர் வட்டத்தைத் தாண்டி இன்று இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மியு பார்வைக்குப் பதின்வயதுச் சிறுமி. தாய் ரத்தக்காட்டேரி, தந்தை மனிதர். மனிதர்களுக்கு நடுவே ஒளிந்து திரியும் ஷின்மா என்ற தீய சக்திகளைத் தேடிப் பிடித்து இருளுக்கே திருப்பி அனுப்புவது பிறப்பிலேயே அவள் தலையில் விழுந்த பொறுப்பு. துணைக்கு லார்வா, நெடிய கறுப்பு அங்கி, வெள்ளை முகமூடி. அவனும் மேற்கிலிருந்து வந்த ஷின்மாதான். அவளைக் கொல்ல வந்து அவளுக்கே கட்டுப்பட்டவன். இதுவரை கேட்டால் வழக்கமான கதை. ஆனால் மியுவுக்கும் பசிக்கும், அவளுக்கும் மனித ரத்தம் வேண்டும். அழகும் துயரமும் ஒன்றாக வாய்த்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். ரத்தத்துக்குப் பதிலாக முடிவே இல்லாத இன்பக் கனவு ஒன்றைத் தருகிறாள். பெற்றுக்கொண்டவர்கள் சாவதில்லை. திறந்த கண்களோடு, எதையும் பார்க்காமல், புன்னகைத்தபடி இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது நாடா இந்தக் கொடுக்கல்வாங்கலை ஒரு பள்ளிக்குள் கொண்டுபோகிறது. மாணவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். போனவர்கள் இடத்தில் பொம்மைகள் கிடக்கின்றன. மாணவர்களைப் பொம்மையாக்குபவள் ரன்கா என்ற ஷின்மா. கேய் என்ற அழகான மாணவன்மேல் அவளுக்கு ஆசை. அதே பள்ளிக்குச் சீருடையோடு வந்து சேரும் மியுவுக்கும் அவன்மேல்தான் கண். ரன்கா மனுஷி இல்லை என்று கேய்க்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவளோடு போகிறான், தானும் பொம்மையாகிறான். யாரும் அவனைப் பிடித்து இழுக்கவில்லை, மயக்கவும் இல்லை. நாளை என்ற ஒன்று தனக்கு வேண்டாம் என்று அவனே முடிவெடுக்கிறான்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேயும் பேயோட்டியும் ஒரே பையனுக்காகப் போட்டி போடுகிறார்கள். இருவரும் அவன்முன் வைப்பது ஒரே சரக்கு: வயதாகாது, வலிக்காது, அழகு குலையாது, விலையாக வாழ்க்கையைக் கொடுத்துவிட வேண்டும். ரன்கா தந்தால் அதன் பெயர் சாபம், மியு தந்தால் அதன் பெயர் வரம். வேட்டையாடும் அதிகாரம் மியுவிடம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசத்தைப் படம் காட்டுவதில்லை. பேயைத் துரத்திவிட்டால் ஊர் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. மியு அந்த நம்பிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறாள். ஷின்மா போய்விட்ட பிறகும் கேய் போன்றவர்களின் சலிப்பு அங்கேயே இருக்கிறது; அதற்கு மந்திரமும் இல்லை, நெருப்பும் இல்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜப்பானிய மத்தியதர வர்க்கம் தன் வரலாற்றிலேயே அதிகப் பணத்தோடு இருந்த ஆண்டுகள் அவை. கடைசி நாடா வந்த அதே 1989இன் டிசம்பர் 29ஆம் தேதி நிக்கெய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாம் கிடைக்கும் என்று ஒரு சமூகமே நம்பிய நேரத்தில், எதுவும் வேண்டாம் தூங்கவிடு என்று கேட்கும் மனிதர்களை இந்த நாடாக்கள் வரிசையாகக் காட்டின. ஹிரானோ சமூக விமர்சனம் செய்யப் புறப்பட்டார் என்று நாம் சொல்லவில்லை. நல்ல திகில் கதைக்கு அப்படிப் புறப்பட வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் வெளியே சொல்லாத பயம் அதன் கதைக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி ஒரு கதைக்கு இடம் கொடுத்தது வீடியோ சந்தை. 1983 டிசம்பரில் மமோரு ஒஷியின் 'டல்லோஸ்' நேரடியாக வீடியோவில் வெளியானது முதல், தொலைக்காட்சியையோ திரையரங்கையோ நம்பாத அனிமே ஒன்று உருவாகி வந்தது. தொலைக்காட்சித் தொடர் என்றால் விளம்பரதாரரும் பொம்மை கம்பெனியும் என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே நாடாவை வாங்குகிறவனும் வாடகைக்கு எடுக்கிறவனும் பணம் தந்தால் போதும். ஒரு நாடாவின் விலை பத்தாயிரம் யென்னை ஒட்டியிருந்தது. அதனால் வாங்கியவர்கள் குறைவு, அவர்களுக்குப் பிடிவாதம் அதிகம். நானூறு பிரதி அச்சடித்து விநியோகிக்கும் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்தப் பொருளாதாரம் புதிதில்லை.

அந்தச் சுதந்திரத்தைப் பலரும் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதும் தெரிந்த கதைதான். 1987இல் தொடங்கிய 'உரொட்சுகிடோஜி' பெண் உடலைக் கிழிப்பதையே காட்சியாக்கிச் சந்தையைப் பிடித்தது. அவ்வகைப் படங்களில் பள்ளிச் சீருடை என்பது இரையின் அடையாளம். மியுவில் சீருடை வேட்டைக்காரியின் உடையாகிறது. ரத்தத்தைக் காட்டுவதிலும் படம் கஞ்சத்தனம் செய்கிறது. கியோட்டோவின் சந்துகள், முகமூடிகள், அசையாமல் நிற்கும் மரங்கள், அவற்றின் மேல் கவாயின் இசை. பயத்துக்கு இவ்வளவுதான் முதலீடு. வரைபடங்களைக் குறைத்து ஒரே சட்டகத்தை நெடுநேரம் நிறுத்திவைப்பது பணமில்லாத அனிமேவின் பழைய தந்திரம். இங்கே அந்த வறுமையே பாணியாகிவிட்டது. உறைந்துபோக விரும்பும் மனிதர்களின் கதைக்கு உறைந்த சட்டகம் பொருந்தித்தானே போகும்.

குறைகளும் உண்டு. லார்வாவின் முன்கதையைச் சொல்லும் மூன்றாவது நாடா தடுமாறுகிறது. ஐரோப்பியக் கோதிக் அலங்காரம் கியோட்டோவின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. ஆனாலும் நான்கு கதைகளையும் இழுத்துப் பிடித்திருப்பவள் ஹிமிகோ. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் தொழில்காரி, வளர்ந்த பெண், எதையும் எளிதில் நம்பாதவள். மியு செய்வது தவறு என்று அவளிடம் நேருக்கு நேர் வாதிடுவது இவள் ஒருத்திதான். பார்வையாளரின் மனசாட்சி ஹிமிகோ என்று நினைத்துக்கொண்டே வருகிறோம். நான்காவது நாடாவில் அவள் காமகுராவுக்குப் போய்த் தன் மறந்துபோன குழந்தைப் பருவத்தைத் தோண்டும்போது, ஹிமிகோவின் ரத்தத்தையும் மியு முன்பே ருசித்திருக்கிறாள் என்பது தெரிகிறது. வெளியே நின்று தீர்ப்புச் சொன்னவளும் கதைக்கு வெளியே இல்லை.

அதற்குப் பிறகு பேயோட்டும் பள்ளிச் சிறுமி உலகச் சரக்கானாள். 1990இல் 'டெவில் ஹண்டர் யோகோ' அவளைக் கேலிக்கூத்தாக்கியது. 1992இல் 'செய்லர் மூன்' தோழிகளின் படையாக்கியது. 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பஃபி' வந்தாள். அதே ஆண்டு ஹிரானோவே மியுவைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். ஹிமிகோ காணாமல் போனாள், மியுவுக்கு வகுப்புத் தோழிகள் கிடைத்தார்கள், வாரத்துக்கொரு ஷின்மா என்று வண்டி ஓடியது. கடைசிப் பகுதிகளில் பழைய கடுமை திரும்பினாலும், அதுவரை பார்த்துப் பழகியது வேறொரு மியுவை. இந்த வரிசையில் வந்தவற்றில் நல்ல படைப்புகள் உண்டு. 'பஃபி'யைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பெண்கள் கடைசியில் யாரையாவது காப்பாற்றிவிடுகிறார்கள். நாமும் நிம்மதியாகப் படுக்கப் போகிறோம்.

திகில் படைப்பை எடைபோட ரத்தத்தின் அளவோ திடுக்கிடும் காட்சிகளின் எண்ணிக்கையோ உதவாது. கதை முடியும்போது நிம்மதி யாருக்குக் கிடைக்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். மியுவின் கதைகளில் நிம்மதி கிடைப்பது கனவுக்குள் போனவர்களுக்கு மட்டும். விழித்திருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அப்படிச் சொல்லத் துணிந்த ஒரு படைப்பைச் சீருடையையும் பல்லையும் பார்த்து ஒதுக்கிவைத்தால் நஷ்டம் வாசகனுக்குத்தான். பேய்க்கதைகளை இந்தக் கேள்வியோடு அணுகும் கட்டுரைகளை, அவை எந்த மொழிப் படைப்பைப் பற்றியவையாக இருந்தாலும், அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் உண்டு.